பேய்க்கு அடுத்த ஊர் பாஷை

அக்டோபர் 31 நெருங்கினால் தி.நகரிலும் அடையாறிலும் யாராவது ஒரு மொட்டைமாடியில் ஹாலோவீன் கொண்டாடுகிறார்கள். இறக்குமதித் திருவிழா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தப் புகார் இல்லை. பெண்கள் ராத்திரியில் கூடி ஆட ஒரு சாக்குக் கிடைத்தால் நல்லதுதான். என் புகாரெல்லாம் அங்கே போடுகிற பாட்டுகளைப் பற்றி. அவற்றைக் கேட்டு நாம் யாரைப் பார்த்துப் பயப்படுகிறோம்?

பழைய பேய்ப் பாட்டு என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ‘யார் நீ?’ (1966) படத்தின் ‘நானே வருவேன்’. இசை வேதா, குரல் பி. சுசீலா. ‘வோ கௌன் தீ?’ (1964) என்ற இந்திப் படத்துக்கு மதன் மோகன் போட்ட மெட்டு. எனக்கும் மிகப் பிடித்த பாட்டு. கதையின் முடிவில் பேயே கிடையாது. சொத்துக்காக ஓர் ஆண் நடத்திய நாடகம் என்று தெரியவருகிறது. ஆனால் அறுபது வருஷமாக நம் நினைவில் நிற்பது அந்தச் சதிகாரனின் முகமா, வெள்ளைப் புடவையா?

தமிழ்ப் பேயின் அடையாளங்களை எண்ணிப் பாருங்கள்: விரித்த கூந்தல், உரத்த சிரிப்பு, ஊரடங்கிய பிறகு தனி நடை, யார் அனுமதியும் கேட்காத பாட்டு. வீட்டுப் பெண்ணுக்கு எதையெல்லாம் கூடாது என்றோமோ, அதையெல்லாம் பேய்க்குக் கொடுத்திருக்கிறோம். வெள்ளைப் புடவையோ நாமே விதவைக்குக் கட்டிவிட்டது.

‘சந்திரமுகி’க்கு (2005) வருவோம். சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடிய படம். வெளியே போக வேண்டாம் என்று கணவன் தடுக்கும்போதுதான் கங்கா நம் கண்முன்னே சந்திரமுகியாக மாறுகிறாள். கட்டிலைத் தூக்குகிறாள். அரங்கம் அதிர்கிறது. ‘ஏன் தடுத்தாய்?’ என்று கணவனைக் கேட்பவர் படத்தில் யாருமில்லை. அவளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

அந்தச் சந்திரமுகி யார்? வேட்டையன் என்ற ராஜா தூக்கிவந்து அரண்மனையில் அடைத்த நாட்டியக்காரி. அவள் காதலித்தவனை அவள் கண்ணெதிரே வெட்டினான், அவளை உயிரோடு எரித்தான். கொன்றவன் ராஜா, ஆனால் நமக்குப் பயம் எரிந்தவளிடம்.

அவள் பாடும் ‘ரா ரா’ தெலுங்கில் இருக்கிறது. இந்தக் கதையின் மூலமான மலையாள ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) படத்தில் ஆவி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) அவளுக்குத் தெலுங்கு. இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளி. எந்த மொழியில் எடுத்தாலும் ஆடுகிற பேய் அடுத்த ஊர்க்காரி! நம் ஊரில் அப்படிப்பட்ட பெண்ணே இருந்ததில்லை, நம் ஊர் ராஜா மட்டும்தான் இருந்தான் என்பதுபோல.

இருந்தாள். சென்னையிலேயே இருந்தாள். 1931இல் மியூசிக் அகாடமி மேடையில் ஆடிய கல்யாணியின் பெண்கள் இசைவேளாளர் மரபில் வந்தவர்கள். 1935இல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. சதிர் பரதநாட்டியம் ஆயிற்று. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பொட்டுக்கட்டுதலில் சுரண்டல் இருந்தது, முத்துலட்சுமி ரெட்டிக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தப் பெண்கள் காப்பாற்றிய கலை மயிலாப்பூர் வீடுகளுக்குள் கௌரவமாக நுழைந்தபோது, அவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். பாலசரஸ்வதி போல மிகச் சிலரே மேடையில் தங்கினார்கள். அவர் சிருங்காரத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். மற்றவர்களின் சலங்கை ஒலியைச் சினிமா பேயின் காலில் கட்டியது. மார்கழியில் சபாவில் கைதட்டும் அதே நாம், பூட்டிய அறைக்குள் அதே சலங்கை கேட்டால் நடுங்குகிறோம்.

பயப்படுத்தும் பாட்டே வேண்டாம் என்கிறேனா? இல்லை. பயப்படுத்துவது யார் கையில் இருக்கிறது என்று கேட்கிறேன். 1976இல் லண்டன் பங்க் மேடையில் ஏறிய குழு ‘சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ்’. பான்ஷீ என்றால், அயர்லாந்துக் கதைகளில் சாவு வரும் முன்னே ஓலமிடும் பெண் ஆவி. அந்தக் குழு அந்தப் பெயரைத் தானே சூட்டிக்கொண்டது. தலைமை தாங்கிப் பாடியவர் ஒரு பெண். 1981இல் வந்த அவர்களின் ‘ஜூஜூ’ ஆல்பத்தில் ‘ஹாலோவீன்’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. தேடிக் கேளுங்கள். அதில் பெண் குரலை அடக்க மந்திரவாதியும் வரமாட்டான், மனநல மருத்துவரும் வரமாட்டார்.

ஓலத்துக்கு லண்டன் வரைக்கும் போக வேண்டியதும் இல்லை. நம் ஒப்பாரி பெண்கள் தாங்களே கட்டிப் பாடுவது. செத்தவரைப் புகழ்கிற சாக்கில் உயிரோடு இருக்கும் மாமியாரையும் அண்ணனையும் கணவனையும் பெயர் சொல்லி இழுத்துக் கணக்குக் கேட்பது. அதற்கு சபாவிலும் இடமில்லை, பார்ட்டியிலும் இடமில்லை. ‘நானே வருவேன்’ பாட்டிலும் ‘ரா ரா’விலும் பேய்க்குக் குரல் கொடுத்தவர்கள் பெண்கள், மெட்டுப் போட்டவர்கள் ஆண்கள், படம் எடுத்தவர்களும் ஆண்கள். அதனால்தான் பேய் எவ்வளவு அழகாகப் பாடினாலும் கடைசி ரீலில் அடங்கிப்போகிறது.

பாட்டுக் கட்டத் தெரிந்த மாணவிகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த அக்டோபருக்கு ஒரு பேய்ப் பாட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அவளை அடுத்த ஊருக்குத் தள்ளாதீர்கள். யார் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், அரண்மனை இப்போது யார் பேரில் இருக்கிறது என்று அவள் வாயாலேயே சொல்லவிடுங்கள். அதைக் கேட்டு யார் யாருக்கு வியர்க்கிறது என்று பார்ப்போம்.