சம்பளம் கொடுங்கள், பிறகு தகுதியைப் பேசலாம்

கோடை விடுமுறை விட்டதும் நம் கல்லூரிப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். அப்பாவோடு பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், அம்மாவோடு சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். அடுத்த செமஸ்டர் கட்டணமும், ஸ்காலர்ஷிப் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கும் செலவும் அந்த இரண்டு மாதத்தில்தான் தேற வேண்டும். ஊரே ஓய்வெடுக்கும் கோடைதான் நமக்குச் சம்பாதிக்கும் பருவம்.

அதே இரண்டு மாதத்தில் வேறு சில வீட்டுப் பிள்ளைகள் தில்லிக்குப் போகிறார்கள். அமைச்சகத்திலும் ஆய்வு நிறுவனத்திலும் ஐ.நா. அலுவலகத்திலும் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள். அங்கே உறவினர் வீடு இருக்கும், இல்லையென்றால் அப்பா வாடகை அனுப்புவார். திரும்பி வரும்போது கையில் ஒரு சான்றிதழ், பையில் நான்கு அதிகாரிகளின் தொலைபேசி எண். நான்கு ஆண்டு கழித்து இருவரும் ஒரே நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, ஒருவருக்கு ‘அனுபவம் இருக்கிறது’ என்பார்கள். இன்னொருவருக்கு ‘எக்ஸ்போஷர் போதாது’ என்பார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தகுதி.

சர்வதேச உறவுகளில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு அரசு தரும் கோடைக்கால வேலை சம்பளத்தோடுதான் இருக்க வேண்டும், அந்தச் சம்பளம் வாழப் போதுமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறோம் நாங்கள். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. உலக மேடையில் நம்மைப் பற்றி யார் பேசுவது என்பதை இந்தச் சம்பளம்தான் முடிவு செய்கிறது.

நம்மில் பலரே கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குவோம். ‘மலக்குழியில் நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இரட்டைக் குவளை இன்னும் ஒழியவில்லை, இதில் வெளியுறவு நமக்கு எதற்குத் தோழர்?’

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்த ஒன்பதே முக்கால் லட்சம் மக்களின் தலைவிதி அதில் எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களில் பெரும்பகுதியினர் யார்? தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன நம் பாட்டன் பூட்டன் வழி வந்தவர்கள். அவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா? லயன் வீட்டிலிருந்து ஒருவராவது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாரா? வெளியுறவு நமக்கு எதற்கு என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெளியுறவோ நம்மைக் கேட்காமலேயே நம்மைக் கப்பலேற்றி இறக்கியிருக்கிறது.

இன்னொன்று, டர்பன். 2001 ஆகஸ்ட் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் அந்த நகரத்தில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு கூடியது. சாதியையும் அந்த மாநாடு பேச வேண்டும் என்று இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்பாட்டாளர்கள் அங்கே போனார்கள். இந்திய அரசின் நிலைப்பாடு என்ன? சாதி வேறு, இனம் வேறு. இது எங்கள் உள்நாட்டு விவகாரம். தொழிலையும் வம்சாவளியையும் காரணம் காட்டி நடக்கும் பாகுபாட்டைக் குறிப்பிட்ட 73ஆம் பத்தி வரைவில் இருந்தது, இறுதி ஆவணத்தில் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி முன்மொழிந்ததே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று 2002இல் அந்த ஒப்பந்தத்துக்கான ஐ.நா. குழுவே பொதுப் பரிந்துரை வெளியிட்டது. 2007இல் அதே குழுவின் முன் போய் நின்ற இந்தியத் தரப்பு மறுபடியும் பழைய பல்லவியையே பாடியது.

இந்த வாதங்களை எழுதுவது யார்? அமைச்சர் மேடையில் வாசிக்கிறார், அவ்வளவுதான். எழுதுவது அமைச்சகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவருக்குத் தரவு தேடி, குறிப்பு எடுத்து, முதல் வரைவு தட்டிக் கொடுப்பவர்கள் இளையவர்கள். அந்த அறையில் சேரியைக் கண்ணால் பார்த்த ஒருவர் இல்லையென்றால், ‘சாதி ஒரு உள்நாட்டு விவகாரம்’ என்ற வரி யாருக்கும் உறுத்தாமல் அச்சுக்குப் போகும்.

டர்பன் மாநாடு நடந்தபோது இந்தியாவின் குடியரசுத் தலைவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கே.ஆர்.நாராயணன். கேரளத்தின் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, டாடா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய், 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராக இருந்தவர். அவர் ராஷ்டிரபதி பவனில் இருந்தபோதே டர்பனில் நம் வாய் அடைக்கப்பட்டது. உச்சியில் ஒருவர் இருப்பதால் மட்டும் அமைச்சகம் மாறிவிடாது. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு மேசையிலும் நம் ஆட்கள் வேண்டும். அதற்கான முதல் படிக்கட்டு இந்தக் கோடைக்கால வேலைதான்.

சரி, படிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது?

இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் நல்ல அம்சங்கள் உண்டு. மாதம் 10,000 ரூபாய் தருகிறார்கள். வெளியூர் மாணவர்களுக்குத் தில்லிக்குப் போய்வர ஒருமுறை விமானக் கட்டணமும் உண்டு. மாநிலவாரி ஒதுக்கீடு, பெண்களுக்குக் குறைந்தது 30 விழுக்காடு, ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பட்டியலிடப்பட்டவற்றிலிருந்து வருவோருக்கு முன்னுரிமை எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஒன்றுமே தராத இடங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அதை மறுக்கவில்லை.

ஆனால் தங்குமிடம் அவரவர் பொறுப்பு. அங்கேதான் உதைக்கிறது. 2024 அக்டோபரில் தில்லி அரசு அறிவித்தபடி, எந்தத் திறன் பயிற்சியும் இல்லாத தொழிலாளிக்கே குறைந்தபட்ச மாதக்கூலி 18,066 ரூபாய். அந்த நகரத்தில் உயிர்வாழ ஓர் ஆளுக்கு இவ்வளவாவது வேண்டும் என்று ஓர் அரசே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதே நகரத்தில் இன்னோர் அரசு ஒரு பட்டதாரியை 10,000 ரூபாயில் இருந்துகொள் என்கிறது. மீதி 8,066 ரூபாய் எங்கிருந்து வரும்? அப்பாவிடமிருந்து வரும் என்பது அவர்கள் கணக்கு. நம் அப்பாக்கள் அந்தக் கணக்கில் இல்லை.

வாடகை அறைக்கு முன்பணத்தை முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். உதவித்தொகை வேலை செய்த பிறகுதான் வரும். இடையில் கடன் யார் கொடுப்பார்? அறை தேடிப் போனால் வீட்டுக்காரர் ‘சைவமா?’ என்று கேட்பார், பிறகு முழுப்பெயரைக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது சென்னையில் வீடு தேடிய நமக்கே தெரியும், தில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதோடு, ஊரில் விட்டுவிட்டு வந்த கூலியையும் கூட்டிக்கொள்ளுங்கள். நம் மாணவர் ஒருவர் தில்லிக்குப் போனால் அவருக்கு மட்டும் செலவு ஏறுவதில்லை, வீட்டுக்கு ஒரு வருமானமும் நின்றுபோகிறது.

இந்த அளவுக்குக்கூட இறங்கி வராத இடங்கள் உண்டு. மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் பிரிவில் உழைப்பவர் அனைவருக்கும் நியாயமான ஊதியம் என்று எழுதி வைத்திருக்கும் ஐ.நா. செயலகம், தன்னிடம் இன்டர்ன்ஷிப் செய்பவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. 2015இல் ஜெனீவாவில் நியூசிலாந்து மாணவர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி ஐ.நா. வேலைக்குப் போனது உலகச் செய்தியானது. நியூசிலாந்துக்காரருக்கே கூடாரம் என்றால் நெய்வேலிக்காரருக்கு என்ன? ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப் என்பது மாணவர்களிடம் வசூலிக்கும் நுழைவுக் கட்டணம். ரசீது மட்டும் தரமாட்டார்கள்.

அமெரிக்க வெளியுறவுத்துறையை ‘வெள்ளை, ஆண், யேல்’ என்று கேலி பேசுவார்கள். வெள்ளையர், ஆண்கள், யேல் போன்ற பணக்காரப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மட்டுமே அங்கே நுழைய முடிந்தது என்பதுதான் அந்தக் கேலி. அதை உடைக்க 1992இல் பிக்கரிங், 2002இல் ராங்கெல் என்று உதவித்தொகைத் திட்டங்கள் வந்தன. படிப்புச் செலவு, கோடைக்கால வேலை, பிறகு தூதரகப் பணி என்று ஒரு நேர்வழி போட்டார்கள். கறுப்பின மாணவர்கள் அந்த வழியே தூதரகங்களுக்குள் போனார்கள். வெள்ளை மாளிகை இன்டர்ன்களுக்குச் சம்பளம் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்த அரசும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தது. பிரிட்டனிலோ, அரசுப் பணியின் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பை 2026 முதல் உழைக்கும் வர்க்கப் பிள்ளைகளுக்கு மட்டுமே தருவது என்று 2025இல் அறிவித்தார்கள். மாணவருக்கு 14 வயதானபோது பெற்றோர் என்ன வேலை பார்த்தார்கள் என்பதே அளவுகோல். வர்க்கத்தை அளக்க அவர்களால் முடிகிறது என்றால் சாதியை அளக்க நம் அரசால் முடியாதா?

‘பயிற்சிக்கு எதற்குச் சம்பளம்? ஆர்வம் இருப்பவன் எப்படியும் வருவான்’ என்பார்கள். ஆர்வத்துக்கு வாடகை கட்டத் தெரியாது. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனது ஆர்வத்தால் மட்டுமா? பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டு கொடுத்தது. அந்தப் பணம்தான் அவரை வட்டமேசை மாநாடு வரை கொண்டுபோன பாதையைத் திறந்தது. அதே மாநாட்டில் அவரோடு நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்தார். 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அனுப்பும் மனுவைப் பற்றி விசாரித்தார். உலகத்தோடு பேசுவது நமக்குப் புதிதல்ல. பேசுவதற்கான கதவைத்தான் ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிப்பதற்கான தேசிய உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்று 2022இல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. எம் பணத்தில் போகலாம், ஆனால் சாதியைப் பற்றிப் படிக்கக்கூடாது என்பதுதான் அதன் பொருள். டர்பனில் அடைத்த வாயை வகுப்பறையிலும் அடைக்கிறார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை:

1. வெளியுறவு அமைச்சக இன்டர்ன்களின் உதவித்தொகை தில்லியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கக்கூடாது. முதல் மாதத் தொகையை முன்கூட்டியே தர வேண்டும். தங்குமிடத்தை அரசே ஏற்பாடு செய்ய வேண்டும்.

2. எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை பேர் பாதியில் திரும்பினார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

3. தமிழ்நாடு அரசு தன் பங்கைச் செய்ய வேண்டும். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் ஆயிரம் பேருக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். வயிறு காய்ந்தால் படிப்பு ஏறாது என்று ஒப்புக்கொண்ட அரசு இது. அதே நியாயப்படி அயலகத் தமிழர் நலத்துறையிலும், மீனவர் கைது வழக்குகளைக் கவனிக்கும் அலுவலகங்களிலும், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலும் கல்லூரி மாணவர்களுக்குச் சம்பளத்தோடு கோடைக்கால வேலை தரலாம். வளைகுடாவிலிருந்து சவப்பெட்டியில் வரும் தொழிலாளியின் குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் சர்வதேச உறவுதான். தில்லிக்குப் போக முடியாதவருக்கு அது சொந்த மாவட்டத்திலேயே கிடைக்கட்டும்.

மாணவத் தோழர்களே, கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். அமைச்சகத்தின் அறிவிப்பு வந்தவுடன் விண்ணப்பியுங்கள். விடுதியில் உங்கள் அறைத்தோழரையும் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். இடம் கிடைத்தும் பணமில்லாமல் யாராவது தயங்கினால் அதை அவர் வீட்டுக் கஷ்டமாக விட்டுவிடாதீர்கள். வாசகர் வட்டமும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து அந்த முன்பணத்தைத் திரட்டுங்கள். தேர்வானவர் பட்டியலைப் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்தால் அதை வைத்துப் பேசுவோம், வராவிட்டால் வராததைப் பற்றிப் பேசுவோம்.

அடுத்த டர்பன் எங்கே எப்போது கூடும் என்பதை நாம் முடிவு செய்யப்போவதில்லை. அங்கே 73ஆம் பத்தியை அடிக்கப் பேனா எடுக்கும் மேசையில் நம் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருப்பாளா என்பதை இந்தக் கோடையிலேயே முடிவு செய்யலாம்.

ஜெய் பீம்!