வண்ணம் உடுத்த மாட்ரிட்

இப்பகுதியில் நாம் இதுகாறும் பெரும்பாலும் கல்வியாளரையும் மருத்துவரையும் நாட்டுத் தொண்டரையுமே அறிமுகம் செய்து வந்திருக்கிறோம். இம்மாதம் உடை அமைப்பதையே தொழிலாகக் கொண்ட ஸ்பெயின் நாட்டு அம்மையார் ஒருவரை அழைத்து வருகிறோம். அவர் பெயர் அகதா ரூயிஸ் தெ லா பிராதா. துணிக்கும் தையலுக்கும் நம் சங்க ஏட்டில் என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். ஒரு பெண் எந்த நிறத்தை உடுத்துகிறாள் என்பது சில நாடுகளில், சில காலங்களில், அற்பச் செய்தியன்று.

உள்நாட்டுப் போர் முடிந்த 1939 முதல் 1975 நவம்பரில் தாம் இறக்கும் வரை ஜெனரல் பிராங்கோ ஸ்பெயினைத் தம் கைப்பிடியில் வைத்திருந்தார். அந்நாளைய சட்டப்படி, மணமான பெண் கணவனின் இசைவின்றி வேலைக்குச் செல்ல முடியாது. வங்கியில் தன் பெயரில் கணக்குத் தொடங்கவும் முடியாது. அந்தத் தளை அறுந்தது 1975 மே மாதத்திலேதான். மணவிலக்குச் சட்டம் வந்ததோ 1981இல். சிற்றூர்களிலே கணவனை இழந்த பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள். ஒரு துக்கம் கழியுமுன் உற்றார் ஒருவரின் துக்கம் வந்து சேரும். கறுப்பைக் களையாமலேயே மூப்பெய்தியவர் பலர். நம்மவரிடையே கைம்பெண்களின் வெள்ளைப் புடவைக்கு இருந்த கொடுமை அங்கே கறுப்புக்கு இருந்தது.

பிராங்கோ மறைந்தபின் தலைநகரான மாட்ரிட்டில் இளைஞரிடையே ஒரு கிளர்ச்சி தோன்றிற்று. அதனை 'மொவீதா' என்பர். அசைவு, ஆரவாரம் என்று பொருள் கொள்ளலாம். கொடியும் கோஷமும் ஏந்திய கிளர்ச்சியன்று அது. இரவு விடுதிகளிலே பாட்டு, சுவரிலே சித்திரம், கைக்காசைச் செலவிட்டு எடுத்த சிறு திரைப்படம், தலைமயிருக்குப் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் என்று முப்பத்தாறு ஆண்டு அடக்கத்தைப் பல வழிகளிலே உதறிய காலம் அது. ஊக்கா லேலே என்ற புனைபெயர் பூண்ட பெண் புகைப்படக் கலைஞர், கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து, அவற்றின்மேல் தம் கையாலேயே நீர்வண்ணம் தீட்டினார். அக்காலத்தின் முழுக் கதையும் அந்தத் தூரிகையிலே அடங்கிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. 1979 முதல் 1986 வரை மாநகரத் தலைவராக இருந்த தியேர்னோ கால்வான், முந்தைய ஆட்சியினால் பல்கலைக்கழகப் பதவியை இழந்த முதிய பேராசிரியர். அவர் இவ்விளைஞரைக் கடியாமல் ஆதரித்தார்.

இக்கூட்டத்தில் இருந்தவரே பின்னாளில் உலகப் புகழ் எய்திய திரைப்பட இயக்குநர் அல்மொதோவார். லா மான்சா பகுதிச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி மாட்ரிட் வந்தவர். தொலைபேசி நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் எழுத்தராக இருந்துகொண்டே 1980இல் தம் முதல் முழுநீளப் படத்தை வெளியிட்டார். பகலிலே கோப்பும் மாலையிலே நாடக ஒத்திகையுமாகக் காலங்கழித்த நம் சங்கத்து அன்பர்களுக்கு இதில் வியப்பு இராது.

அகதா அம்மையாரின் கதை அத்தகையதன்று. 1960இல் மாட்ரிட்டில் பிறந்தவர். தந்தையார் கட்டடக் கலைஞர், நவீன ஓவியங்களைச் சேகரித்தவர். தாய்வழி பார்சலோனாவின் பிரபு குடும்பம். பின்னாளில் மார்க்கேசா என்ற பரம்பரைப் பட்டமும் இவருக்கு வாய்த்தது. பசித்தவர் எழுப்பிய கலகக் குரல் இவருடையது என்று நாம் சொல்ல மாட்டோம். பார்சலோனாவில் உடைக்கலை பயின்று, மாட்ரிட்டில் ஓர் உடைக் கலைஞரிடம் உதவியாளராக அமர்ந்து, 1981இல், தம் இருபதாம் பிராயத்தை ஒட்டி, முதற் காட்சியை நடத்தினார். மணவிலக்குச் சட்டம் வந்த அதே ஆண்டு!

அவருடைய உடைகளைப் படத்தில் கண்டவர் மறக்க மாட்டார்கள். எரியும் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. இவை தனித்தனியாக அல்ல, ஒரே பாவாடையில். இதயம், விண்மீன், மேகம், பூ ஆகியவற்றைக் குழந்தை வரைந்தாற்போல் பெரிது பெரிதாக வெட்டிப் பொருத்துவார். குடைபோல் விரிந்து நிற்கும் பாவாடைகளும் உண்டு. அவற்றை உடுத்து நம் தில்லி நகரப் பேருந்தில் ஏறுவது ஒருக்காலும் இயலாது. உடலை இறுக்கி எடுப்பாகக் காட்டுவது அவர் நோக்கமன்று. உடுத்தவளும் பார்ப்பவரும் சிரிக்க வேண்டும், அவ்வளவே. இத்தொழிலில் பலரும் உயர்வின் அடையாளமாகக் கொண்டாடும் கறுப்பை அவரிடம் காண்பது அரிது.

மொவீதா நெடுநாள் நிலைக்கவில்லை. எண்பதுகளின் நடுவிலேயே அதன் வேகம் தணிந்தது. ஹெராயின் என்னும் நச்சுப்பொருளும் எய்ட்ஸ் நோயும் அத்தலைமுறையில் பலரைக் கொண்டுபோயின. அக்களிப்பைப் புகழ்வோர் அவர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எஞ்சியவருள் அகதா அம்மையார் நல்ல வணிகராகவும் விளங்கினார். அவருடைய இதயங்களும் பூக்களும் வாசனைத் திரவியப் புட்டியிலும், தரை ஓட்டிலும், படுக்கை விரிப்பிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளின் குறிப்பேட்டிலும் பையிலும் ஏறின. கலகத்தைக் கடைச்சரக்காக்கிவிட்டார் என்று பழிப்போர் உளர். 2017இல் ஸ்பெயின் அரசு தன் தேசிய உடையமைப்புப் பரிசை அவருக்கு அளித்தது.

அப்பழிப்புரை நமக்கு முழுவதும் உடன்பாடன்று. விடுதியில் நள்ளிரவு வரை விழித்திருக்க இயன்ற சிலருக்கு மட்டுமே உரியதாயிருந்த வண்ணம், காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாயிலை வந்து எட்டியிருக்கிறது. இளஞ்சிவப்பு இதயம் பொறித்த பையைச் சுமந்து அங்கே நிற்கும் சிறுமிக்கு மொவீதா என்ற சொல்லே தெரிந்திராது. பாட்டியின் பாட்டி ஏன் எந்நாளும் கறுப்பே உடுத்தாள் என்பதை யாரேனும் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.