தீர்ப்புகள் மக்களின் சொத்து

நீதிமன்றங்கள் மக்களின் வரிப்பணத்தில் இயங்குகின்றன. தீர்ப்பு எழுதும் நீதிபதிக்கு ஊதியம் தருவதும் அந்த வரிப்பணமே. உச்சநீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று அரசியல் சட்டத்தின் 141ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், அச்சட்டம் எது என்பதைத் தேடிக் கண்டறியும் கருவி மட்டும் நெடுங்காலமாகச் சந்தையில் விற்கப்படும் சரக்காகவே இருந்து வருகிறது.

இந்நிலை தற்செயலானதல்ல. பிரிட்டிஷ் ஆட்சி 1875இல் இயற்றிய சட்டம், அரசின் அதிகாரத்தோடு வெளியாகும் உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளுக்கே மதிப்பளித்தது. அத்தொகுப்புகள் காலத்தில் வெளிவராததால் தனியார் இதழ்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி. ஆகிய வரிசைகளின் பக்க எண்களே தீர்ப்புகளின் முகவரியாயின. இன்று எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா ஆகிய தரவகங்களோடு லெக்சிஸ்நெக்சிஸ், வெஸ்ட்லா போன்ற பன்னாட்டு மூலதனத்தின் தரவகங்களும் இச்சந்தையில் நிற்கின்றன.

பதிப்பாசிரியர்களின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. தலைப்புச் சுருக்கம், பத்தி எண், ஆசிரியர் குறிப்பு ஆகியவற்றில் பதிப்பாளருக்கு உரிமை உண்டு. தீர்ப்பின் மூல வாசகத்தில் அவருக்குத் தனியுரிமை இல்லை. ஆயினும், மூல வாசகம் பொதுச்சொத்து என்று அறிவித்துவிட்டு, ஆயிரக்கணக்கான தீர்ப்புகளிடையே தேவையானதைத் தேடும் வழியைக் கட்டண வாயிலுக்குள் விட்டுவைத்தால், அந்த உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

இதனால் பாதிக்கப்படுவோர் யார்? பல்லாண்டுகள் பணிபுரிந்த தற்காலிகத் தொழிலாளி பணிநிரந்தரம் கேட்கும்போதெல்லாம் நிர்வாகத் தரப்பு நீட்டுவது 2006ஆம் ஆண்டின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு. ஆனால், 2024 டிசம்பர் 20 அன்று, மத்திய நீர் ஆணையத்தின் துப்புரவுப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலையை நெடுங்காலம் செய்தவர்களின் கோரிக்கையை நிராகரிக்க உமாதேவி தீர்ப்பை இயந்திரத்தனமாகப் பயன்படுத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் கூறி, அவர்களைப் பணிநிரந்தரம் செய்ய உத்தரவிட்டது. நிர்வாகத்தின் வழக்கறிஞர் அலுவலகத்தில் எல்லாத் தரவகங்களும் திறந்திருக்கும். தாலுகா நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கும் இளம் வழக்கறிஞரிடம் சந்தாவுக்கு ஏது பணம்? பிந்தைய தீர்ப்பை எடுத்துக்காட்ட இயலாவிட்டால் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமே பறிபோகலாம்.

மோடி அரசு சட்டங்களைத் தலைகீழாக மாற்றிய விதம் இந்த ஏற்றத்தாழ்வை மேலும் கூர்மையாக்கியுள்ளது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த வேளையில் நிறைவேற்றப்பட்ட மூன்று குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் திணிக்கப்பட்டன. கொலைக்குற்றத்திற்கான 302ஆவது பிரிவு இன்று 103. பழைய நூல்கள் போதாமல் போயின. பல பத்தாண்டுகளின் தீர்ப்புகளைப் புதிய பிரிவுகளோடு பொருத்திக் காட்டும் நூல்களை ஒவ்வொரு வழக்கறிஞரும் மீண்டும் வாங்க வேண்டியுள்ளது.

சில முன்னேற்றங்கள் வரவேற்கத்தக்கவை. 2023 ஜனவரி 2 அன்று உச்சநீதிமன்றம் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளம் சுமார் 34,000 தீர்ப்புகளைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. எந்தப் பதிப்பகத்தையும் சாராத பொது மேற்கோள் எண்ணும் அதே ஆண்டில் வந்தது. இந்தியன் கனூன் போன்ற இலவசத் தளங்களும் உதவுகின்றன. ஆனால், தொழிலாளி முதலில் படியேறும் தொழிலாளர் நீதிமன்றங்கள், தொழில் தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளை ஒரே இடத்தில் பொருள்வாரியாகத் தேடும் பொது ஏற்பாடு இல்லை. உச்சநீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கங்கள் வெளிவரத் தொடங்கியிருந்தாலும், 348ஆவது பிரிவின்படி ஆங்கில மூலமே செல்லும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ இல்லாத தீர்ப்புகளையும் இருப்பதாகக் கூறிவிடுகின்றன. மூலத்தை இலவசமாகச் சரிபார்க்க முடிந்தால்தான் அந்த ஆபத்திலிருந்து தப்ப முடியும்.

மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு ஒன்றிய அரசு 2023இல் ரூ.7,210 கோடி ஒப்புதல் அளித்தது. இத்தகைய பொதுநிதியைக் கொண்டு, கீழமை நீதிமன்றங்கள் முதல் உச்சநீதிமன்றம் வரையிலான தீர்ப்புகள் அனைத்தையும் தேடத்தக்க ஒரே பொதுத்தளம் அமைக்கப்பட வேண்டும். தலைப்புச் சுருக்கங்களும் மாநில மொழி ஆக்கங்களும் அரசுச் செலவிலேயே தயாரிக்கப்பட வேண்டும். வழக்கறிஞர் சங்க நூலகங்களுக்கு மாநில அரசுகள் நிதி வழங்க வேண்டும். பொது மேற்கோள் எண்ணே போதுமானது என்று எல்லா நீதிமன்றங்களும் ஏற்க வேண்டும். சம நீதியையும் இலவசச் சட்ட உதவியையும் வலியுறுத்தும் 39ஏ பிரிவுக்கு இதுவே குறைந்தபட்ச மரியாதை.

அதுவரை நாமும் காத்திருக்கலாகாது. தொழிற்சங்கங்களும் முற்போக்கு வழக்கறிஞர்களும் கைகோத்து, உழைப்பாளி மக்களுக்குச் சாதகமான தீர்ப்புகளை மாவட்டந்தோறும் தொகுத்து, எளிய தமிழில் சுருக்கி, ஆலை வாயில் வரை கொண்டுசெல்ல வேண்டும். போராடிப் பெற்ற தீர்ப்பு அடுத்த போராட்டத்திற்கு ஆயுதமாக வேண்டுமானால், அது முதலில் நம் கைக்கு வந்து சேர வேண்டும்.