பளபளக்கிற டயருக்கு வயசு என்ன?

குற்றால சீசன் வந்துட்டா நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல வர்ற முதல் கேள்வி, "வேன் எத்தனை சீட்டு?" அடுத்தது, "ஏசியா, நான் ஏசியா?" அதுக்கும் அடுத்தது, "பாட்டு சிஸ்டம் எப்படிடா?" டயரைப் பத்தி ஒருத்தர் கூட கேட்டு நான் பார்த்ததில்லை. வண்டி வந்து நிக்கிறப்போ டயர் கருகருன்னு மின்னினா போதும், "செம மெயின்டனன்ஸ்"னு நாமளே சர்டிபிகேட் கொடுத்துடுவோம். அந்த மினுமினுப்பை நம்பாதீங்கன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம். திருமங்கலத்துல இருந்து கொல்லம் போற ரோடு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ரெண்டையும் தொட்டுக்கிட்டு தென்காசிப் பக்கம் போகுது. ஜூன், ஜூலையில குற்றாலம் போற வேனுங்க, ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் கோயிலுக்கு வர்ற வேனுங்க, கார்த்திகை, மார்கழியில ஐயப்ப சாமிங்க வேனுங்க. பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்க நிறுத்துவாங்க. நிறுத்தின வண்டிகளைக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, டயர் பாலிஷ் போட்டு, புது செருப்பு மாதிரி இருக்கும். இதே வண்டிகள் சீசன் இல்லாதப்போ எங்க இருக்கும்? ஊருக்கு வெளிய காலி பிளாட்டுல, வெயில்ல. நடுவுல ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, அவ்வளவுதான்.

வெளிநாட்டுல ஆர்வின்னு சொல்ற வீட்டு வண்டிகள் நம்ம பக்கம் அபூர்வம். கேரளாவுல 2021-ல கேரவன் டூரிசம்னு பாலிசியே கொண்டுவந்தாங்க, நமக்கு கேரவன்னா சினிமா ஷூட்டிங்தான். நம்ம ஊர் ஆர்வி இந்த டூரிஸ்ட் வேன்தான். ரெண்டுக்கும் வியாதி ஒண்ணு: ஓடித் தேய்ஞ்சு போறதுக்கு முன்னாடி, டயர் நின்னே கெட்டுப் போகும்.

ஏன்னு கேட்டா, மெட்டீரியல்ஸ் பேப்பர்ல படிச்சு மறந்த விஷயம்தான். ரப்பர் மூலக்கூறுல இருக்கிற இரட்டைப் பிணைப்புகளை காத்துல இருக்கிற ஓசோன் வெட்டும். இழுவிசையில இருக்கிற இடத்துல வெடிப்பு விழும். அதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே மெழுகும், 6பிபிடி மாதிரி ஓசோனைத் தாங்குற கெமிக்கலும் உள்ளே கலந்துடறாங்க. வண்டி ஓடும்போது டயர் அமுங்கி, விரிஞ்சு, அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமா மேல வந்து ஒரு படலமா நிக்கும். வண்டி நின்னே இருந்தா படலம் சரியா வராது. ஆனா வெயிலும் ஓசோனும் லீவு எடுக்காது.

டயர் பக்கவாட்டுல லேசா பழுப்பேறி இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? "அழுக்கு"ன்னு கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். அதுல பெரும்பகுதி அழுக்கே இல்லை, உள்ளேயிருந்து வந்த அந்தக் காவல் கெமிக்கல்தான் வேலை செஞ்சு பழுப்பாகி நிக்குது. அதை வழிச்சு எடுத்துட்டு, மேல பெட்ரோலிய சால்வென்ட் கலந்த பாலிஷை அடிக்கிறோம். சில வாட்டர் சர்வீஸ்ல அடியில டீசல் ஸ்ப்ரே பண்ணுவாங்க, அது டயர்லயும் படும். ரப்பரை டீசல்ல போட்டா ஊறி உப்பும்னு லேப்ல பார்க்காதவங்க யாரும் இல்லை. ஆர்வி வச்சிருக்கிறவங்களுக்கு மிச்செலின் கம்பெனியே சொல்றது, சோப்பும் தண்ணியும் போதும், பெட்ரோலியம், ஆல்கஹால், சிலிக்கான் கலந்த பாலிஷ் சிலது ரப்பரைக் கெடுத்து வெடிப்பு விட வைக்கும்னுதான். அழகு வேணும்னா தண்ணியில கரையிற வகையைப் பக்கவாட்டுல மட்டும் லேசாத் தடவி, துணியால துடைச்சு விடலாம். ரோட்டுல படற பக்கம் ஒரு சொட்டு கூட கூடாது. (பைக் டயர் முழுக்க பாலிஷ் அடிச்சு ரீல்ஸ் போடுற ஹாஸ்டல் நண்பர்களே, முதல் வளைவுல தெரியும்.)

கெடுதலை விட எனக்குப் பெரிசாப் படறது மறைக்கிறதுதான். முடி மாதிரி மெல்லிசா இருக்கிற வெடிப்புகள் பாலிஷ் போட்டா கண்ணுக்குத் தெரியாது. பட்டன் ஆழம் வேற நல்லா இருக்கும், வண்டி அதிகம் ஓடலையே! அப்போ பார்க்கிறவனுக்கு அது புது டயர்.

2012 செப்டம்பர்ல இங்கிலாந்துல நடந்தது இதுதான். பெஸ்டிவல்னு ஒரு இசை விழா முடிஞ்சு லிவர்பூலுக்குத் திரும்பின கோச், சர்ரேயில ஹைண்ட்ஹெட் பக்கத்துல முன் டயர் வெடிச்சு ரோட்டை விட்டு விலகி மரத்துல மோதுச்சு. மூணு பேர் இறந்தாங்க. அதுல மைக்கேல் மொல்லாய்க்கு வயசு 18. அந்த டயருக்கு வயசு 19-க்கும் மேல. இறந்த பையனை விட வெடிச்ச டயர் மூத்தது. பட்டன் ஆழம் சட்டப்படி சரியாத்தான் இருந்துச்சு. அவனோட அம்மா பிரான்சஸ் மொல்லாய் வருஷக்கணக்கா போராடினாங்க. கடைசியில 2021 பிப்ரவரி 1-ல இருந்து, 10 வருஷம் தாண்டின டயரை பஸ், கோச், லாரியோட முன் அச்சில மாட்டக்கூடாதுன்னு அங்க சட்டம் வந்துச்சு. மினிபஸ்ல ஒத்தையா இருக்கிற எந்தச் சக்கரத்துக்கும் அதே சட்டம்.

நம்ம டூர் வேனும் மினிபஸ் சைஸ்தான். கிளம்பும்போது நாலு டயருக்கும் கீழ எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வைக்கட்டும், நானும் வைப்பேன். அதை வைக்கக் குனியிறப்பவே டயர்ல ஒரு நம்பரைப் படிச்சா என்ன? நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம். 2318-ன்னா 2018-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர். பல டயர்ல இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ள திரும்பியிருந்தா போன் டார்ச் அடிச்சு வண்டிக்கு அடியில பார்க்கணும். சட்டை அழுக்காகும், பரவாயில்லை. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் ஆளை வச்சு செக் பண்ணணும், பத்து வருஷமாச்சுன்னா எவ்வளவு நல்லா தெரிஞ்சாலும் மாத்தணும்னு மிச்செலின் சொல்லுது. ரீட்ரெட் டயரா இருந்தா பட்டன்தான் புதுசு, உள்ளே இருக்கிற கூடு பழசுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

"டிரைவர் அண்ணன் கோவிச்சுக்குவாரே"ன்னு ஒரு பேச்சு வரும். எங்க தெருவுல டூரிஸ்ட் வேன் ஓட்டுற ஒரு அண்ணன்கிட்ட இதைக் கேட்டேன். சிரிச்சுட்டாரு. "தம்பி, முன்னாடி உக்காந்திருக்கிறது நான்தானே! டயர் மாத்தணும்னு ஓனர்கிட்ட நான் சொன்னா ஏறாது. பார்ட்டி கேட்டாத்தான் ஏறும்"னாரு.

ஓனரை மட்டும் திட்டறதும் நியாயமில்லை. நாம வாடகையில ஐநூறு குறைக்க அரை மணி நேரம் பேரம் பேசறோம், டிஜே லைட்டு மட்டும் இருக்கணும்கிறோம். கண்ணுக்குத் தெரியிறதுக்குத்தான் காசு கொடுப்போம்னா, அவர் கண்ணுக்குத் தெரியிறதைத்தான் செய்வாரு. பாலிஷ் நம்ம கேட்டது. அடுத்த தடவை புக் பண்றப்போ, "டயர் எந்த வருஷம்? நம்பரை போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே"ன்னு கேளுங்க. முதல்ல முன் டயர் ரெண்டும். நேரம் இருந்தா பின்னாடி ஜோடியா இருக்கிறதுல உள்பக்கம் இருக்கிறது, அங்க பாலிஷும் போகாது, யார் கண்ணும் போகாது.

அப்படியே ஸ்டெப்னியையும் கேட்டுடுங்க. ஓடவே ஓடாததால பல வண்டியில வயசுல மூத்தது அதுதான்.