கணினித் திரையில் இருந்து பந்தயத் தடத்துக்கு: திறந்திருப்பது எந்தக் கதவு?

லண்டன் நகரில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடைபெறுவதில்லை. ஆனால், மேற்கு லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் இருந்த ஓர் அரங்கில் 2018ஆம் ஆண்டு அப்பந்தயத்தின் மற்றொரு வடிவம் அரங்கேறியது. இளைஞர்கள் நகராத இருக்கைகளில் அமர்ந்து, திரையில் ஓடிய கார்களைச் செலுத்தினர். அவர்கள் அணிந்திருந்ததோ மெர்சிடிஸ், மெக்லாரன் போன்ற உண்மையான பந்தய அணிகளின் சீருடை.

இந்தக் கணினிப் பந்தயத் தொடர் 2017இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே 60 ஆயிரத்துக்கும் அதிகமானோர் போட்டியிட்டனர். லண்டனுக்கு மேற்கேயுள்ள ரெடிங் நகரின் பிரெண்டன் லீ 2017, 2018 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார்.

பெரும் செல்வந்தர்களுக்கே உரியது என்று கருதப்படும் ஒரு விளையாட்டின் கதவைக் கணினி திறந்துவிட்டதா என்ற கேள்வியை இது எழுப்புகிறது.

குடும்பப் பின்னணி

சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்களின் பந்தயத்தில் உச்சத்தை அடைய, சிறு வயதிலேயே கார்ட் எனப்படும் சிறிய வண்டிகளில் பயிற்சி தொடங்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு படிநிலையிலும் செலவு பெருகி, கோடிக்கணக்கான ரூபாயை எட்டும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இதுவரை பங்கேற்றுள்ள இந்தியர்கள் இருவர் மட்டுமே. 2005இல் ஜோர்டன் அணியில் அறிமுகமான கோவையின் நரேன் கார்த்திகேயனும், 2010இல் எச்ஆர்டி அணிக்காக ஓட்டிய சென்னையின் கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டில் இருந்தே வந்தனர் என்பது தமிழர்களுக்குப் பெருமிதம் தரும் செய்திதான். ஆயினும், இருவருடைய தந்தையரும் மோட்டார் பந்தயத் துறையில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள் என்பதும் கவனத்திற்குரியது.

பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் தயாரித்த ஃபார்முலா ஒன் வீடியோ விளையாட்டுகளில், 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் சந்தோக்கும் அடுத்த ஆண்டுப் பதிப்பில் கார்த்திகேயனும் இடம்பெற்றனர். அவர்கள் ஓட்டிய காரைத் திரையில் ஓட்ட, ஒரு விளையாட்டுக் கருவியின் விலையே போதுமானதாக இருந்தது.

திறமையும் பணமும்

2020இல் கொரோனா பெருந்தொற்றால் பந்தயங்கள் தடைப்பட்டபோது, ஜார்ஜ் ரஸல், ஷார்ல் லெக்லேர் போன்ற முன்னணி வீரர்களே கணினிப் பந்தயங்களில் மோதினர். தடத்தின் வளைவுகளை மனதில் இருத்துவது, பிரேக் பிடிக்கும் தருணத்தைக் கணிப்பது ஆகிய திறன்கள் இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால், உண்மையான காரில் பிரேக் பிடிக்கும்போது ஓட்டுநரின் உடல் தன் எடையைப் போல் சுமார் ஐந்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும். விபத்து அச்சமும் திரையில் இல்லாத ஒன்று.

இவற்றைப் பயிற்சியால் வெல்லலாம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 2011இல் கணினிப் பந்தயத்தின் மூலம் தேர்வான பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ, 2014இல் ஜிபி3 பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்றார். துருக்கியின் ஜெம் பொலுக்பாஷி 2022இல் ஃபார்முலா டூ வரை உயர்ந்தார். ஆனால், இருவரும் ஃபார்முலா ஒன் பந்தயத்தை எட்டவில்லை. திரைக்கு வெளியே வந்ததும், பணமும் ஆதரவாளர்களும் தேவைப்படும் பழைய ஏணியே அவர்கள் முன் நின்றது.

வேறொரு வாசல்

எனினும், மற்றொரு வாய்ப்பு உருவாகியுள்ளது. 2009 முதல் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்கள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டதால், காரை மேம்படுத்தும் பணியில் பாவனை இயந்திரங்களின் முக்கியத்துவம் பெருகியது. அவற்றை நுட்பமாக ஓட்டி, காரின் போக்கைப் பொறியாளர்களுக்கு விளக்கக்கூடியவர்கள் தேவைப்படுகின்றனர். பணமின்மையால் இளமையில் பந்தயத்தைக் கைவிட்ட நெதர்லாந்தின் ரூடி வான் பியூரன், 2017இல் கணினிப் போட்டி ஒன்றில் வென்று, லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங்கில் உள்ள மெக்லாரன் அணியில் அத்தகைய பணியைப் பெற்றார்.

ஆகவே, கணினி திறந்துவிட்டிருப்பது பந்தயக் காரின் கதவை அல்ல, அதை உருவாக்கும் தொழிற்கூடத்தின் கதவையே எனலாம். திரையின் முன் அமரும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருப்பது நல்லது. அடுத்த கார்த்திகேயன் ஒரு சாதாரணக் குடும்பத்தில் இருந்து உருவாவதற்குத் திறமையைக் கண்டறியும் கருவி வந்துவிட்டது. அத்திறமைக்காகச் செலவிட முன்வருவோர் யார் என்ற கேள்வி மட்டும் இன்னும் விடையின்றி நிற்கிறது.