கவுண்டிதோறும் ஒரு எண்

1861 செப்டம்பரில், அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட சில மாதங்களில், வாஷிங்டனில் ஒரு வரைபடம் விற்பனைக்கு வந்தது. முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்து எட்வின் ஹெர்கெஷைமர் வரைந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் உட்பிரிவான ஒவ்வொரு கவுண்டியிலும் நூற்றுக்கு எத்தனை பேர் அடிமைகள் என்ற எண்ணைப் பொறித்து, விகிதம் ஏற ஏறக் கருமையைக் கூட்டியிருந்தார். அதிபர் லிங்கன் அதை அடிக்கடி பார்ப்பார் என்று ஓவியர் பிரான்சிஸ் கார்ப்பென்டர் எழுதியிருக்கிறார்.

மாநிலக் கணக்கு மூடிவைத்ததை இந்தப் படம் திறந்து காட்டியது. மொத்தமாகப் பார்த்தால் வர்ஜீனியாவில் பத்தில் மூன்று பேர் அடிமைகள். படத்திலோ கிழக்கு கறுத்திருக்கிறது; மேற்கு மலைக் கவுண்டிகள் வெளிறிக் கிடக்கின்றன. தென்மாநிலங்களின் பிரிவினைக்கு எதிர்ப்பு வலுத்திருந்த அந்த மேற்குதான் 1863இல் தனி மாநிலமாயிற்று.

அலபாமாவின் நடுவே ஒரு கரும்பட்டை ஓடுகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அது விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவின்மேல் கரிய வளமண் உருவானது. மண்ணைத் தேடிப் பருத்தி வந்தது, பருத்திக்காக மனிதர்களை விலைக்கு வாங்கி வந்தார்கள். அந்தப் பட்டையில் உள்ள லவுன்ட்ஸ் கவுண்டியில் 1965 தொடக்கத்தில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர்; அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்குச் சென்ற வாக்குரிமை நடைப்பயணம் இவ்வழியேதான் போனது. முதலாளிகளுக்குப் பொன் விளைத்த அதே களிமண் இன்று நீரை உறிஞ்ச மறுக்கிறது. கழிவுநீர்த் தொட்டிகள் பயனற்றுப் போய், ஏழை வீட்டு முற்றங்களில் சாக்கடை தேங்குகிறது. அங்கே கொக்கிப்புழுத் தொற்று இருப்பதாக 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று தெரிவித்தது. மாநிலச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த முற்றங்கள் ஒருநாளும் கண்ணில் படாது.

ஆனால் அந்த வரைபடத்தின் எண்களுக்கு அடியில் ஒரு கொடுமை இருக்கிறது. 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் உடைமையாளர் பெயர் உண்டு. அடிமைகளுக்குப் பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டுமே. விடுதலை பெற்றவர்கள் பரவலாகப் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். முன்னோரைத் தேடும் குடும்பங்கள் பல இந்த ஆண்டோடு முட்டி நிற்கின்றன.

அங்கிருந்து பின்னோக்கிப் போகவும் கவுண்டிதான் வழி. 1870இல் எந்தக் கவுண்டியில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால், அதன் நீதிமன்றத்தில் உள்ள அடிமை உடைமையாளர்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்டலாம். கால்நடைகளோடும் கலப்பைகளோடும் சேர்த்து, விலை குறித்து, மனிதர்களின் பெயர்களை அவற்றில் எழுதியிருப்பார்கள். அந்த ஏடுகள் நைந்து போகுமுன் கவுண்டி கவுண்டியாகப் படியெடுத்து, எவரும் தேடும்படி வைக்க வேண்டும். அதற்கான செலவை அடிமைகளின் சந்ததியினர் தலையில் கட்டக் கூடாது. அரசே ஏற்க வேண்டும்.