முரசு யார் கையில்?

மாசித் திங்கள் பிறந்துவிட்டால் திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் மக்கள் வெள்ளம்! கோட்டை மாரியம்மன் திருவிழா! பூச்சொரிதல், தீச்சட்டி, பூக்குழி! ஏறக்குறைய அதே நாட்களில், கடல் பல கடந்த டிரினிடாட் தீவிலும் ஆட்டம், பாட்டம், கார்னிவல் என்னும் களியாட்டம். அதைப் படத்திலே காணும் நம் இளைஞர், "இறகும் மினுக்கும், வேறென்ன?" என்று ஏளனம் பேசுகின்றனர். நகைப்பது எளிது, தோழர்களே! அந்த ஆட்டத்துக்குள்ளே ஒரு நெருப்பு இருக்கிறது.

பிரெஞ்சுப் பண்ணை முதலாளிகள் மாளிகையிலே முகமூடி நடனம் ஆடினர். அடிமைக்கு அங்கே இடமில்லை. கரும்புத் தோட்டம் பற்றி எரிந்தால், நள்ளிரவாயினும் சாட்டைக்கு அஞ்சிப் பந்தமேந்தி ஓடுவதே அவனுக்கு வாய்த்தது. 1838இல் விலங்கு முற்றும் அறுந்தது. அறுந்ததும் அவன் செய்தது யாது? அதே பந்தத்தை ஏந்தினான், முரசை முழக்கினான், முதலாளியைப் போல வேடம் புனைந்து முதலாளியையே நையாண்டி செய்தான், நட்டநடுத் தெருவிலே! 'கேன்பூலே' என்று பெயர் அதற்கு. எரியும் கரும்பு என்று பொருள். ஆள்வோர் பொறுப்பரோ? 1881இல் காவல்படை பாய்ந்தது. மக்கள் எதிர்த்து நின்றனர். 1884இல் பந்தத்துக்கும் முரசுக்கும் தடை விழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30இல், நம் நாட்டிலிருந்து கரும்பு வெட்டக் கொண்டுபோகப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் மொகரம் ஊர்வலம் வந்தபோது, அவர்கள்மீது குண்டு பாய்ந்தது. ஊர்வலத்தில் இந்துக்களும் இருந்தனர் என்பதை மதச்சண்டை மூட்டுவோர் கேட்கட்டும். தோல் முரசு பறிபோனதும் மூங்கிலைத் தட்டினர். பின்னர் எண்ணெய்ப் பீப்பாயையே இசைக்கருவி ஆக்கினர்!

நம் நாட்டுக்கு வருவோம். அங்கே விடுதலை பெற்றவன் விரும்பி முழக்கினான். இங்கே பறை, பிறப்பால் விதித்த ஊழியம். சாவுக்கும் அடிக்க வேண்டும், சாமிக்கும் அடிக்க வேண்டும். அடித்தபின் ஒதுங்கி நிற்க வேண்டும். அம்மன் வருகைக்கு அவன் முழக்கம் வேண்டுமாம், கோயிலுக்கு அவன் வருகை மட்டும் வேண்டாமாம்! தோல் பதனிடுதலுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். தோலைத் தொட்டவன் தீட்டு என்றவர், அவன் பதனிட்ட தோலில் செருப்பணிந்து நடந்தாரே, அந்தக் கால் தீட்டுப்படவில்லையோ?

"இழிவின் சின்னம் அது, பறையைத் தூக்கி எறி!" என்று ஒடுக்கப்பட்டோரிலேயே பலர் முழங்கினர். அந்தச் சினம் நேரியது. அடிக்க மறுத்து அடிபட்டவரை நாம் மறக்கவியலாது. ஆயினும் இதே திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தோற்றுவித்த சக்தி கலைக்குழு இன்னொரு வழியைக் கண்டது. ஆடவர் கையிலே மட்டும் இருந்த பறையை ஒடுக்கப்பட்ட வகுப்பின் இளம்பெண்கள் எடுத்தனர். ஊர்ப் பெரியதனக்காரர் ஏவாமல், பிணம் முன்னே போகாமல், தாமே அடவு கட்டி, தலைநிமிர்ந்து, மேடையிலே முழக்கினர். திண்டுக்கல்லின் கேன்பூலே என்போம் அதை!

அடுத்த திருவிழாவில் தீமிதியைக் கண்டு நகைக்க நிற்கும் தோழர்களே, சற்றுத் திரும்பிப் பாருங்கள். பறையடிப்பவரை அணுகிக் கேளுங்கள்: ஐயா, உங்களை அழைத்தது யார்? கூலி எவ்வளவு? வரமாட்டேன் என்றால் ஊர் என்ன செய்யும்?